பேதி மலத்தில் எலாஸ்டேஸ் பார்க்காதீர்கள்

கே: அமைலேஸ், லைபேஸ் இரண்டும் நார்மல். கணையத்தில் ஒன்றுமில்லை என்று விட்டுவிடலாமா?

கூடாது. அவை கணைய நொதிகள். திடீரென வரும் அழற்சியில்தான் ரத்தத்தில் ஏறும். நாள்பட்ட நோயில் கணையம் தேய்ந்துபோய், ரத்தத்தில் கசிய நொதியே மிஞ்சியிருக்காது. வலி விடவில்லை என்றால் ஸ்கேன் எடுங்கள்.

கே: அப்பாவுக்கு மலப் பரிசோதனையில் எலாஸ்டேஸ் 90. கணையம் போய்விட்டதா? ரிப்போர்ட் இணைத்துள்ளேன்.

அந்த ரிப்போர்ட்டை நீங்கள் முழுதாகப் படித்தீர்களா? 'மாதிரி: நீர்த்த மலம்' என்று அதிலேயே இருக்கிறது. இதை எத்தனை முறை எழுதுவது! எலாஸ்டேஸ் கணையம் சுரக்கும் புரதம். குடலில் பெரிதாகச் சிதையாமல் மலம் வரை வந்துசேரும். ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சரி, 100க்குக் கீழே என்றால் சுரப்பு நன்றாகக் குறைந்துவிட்டது என்பது கணக்கு. பேதியில் அந்தக் கணக்கு நிற்காது. ஒரு டம்ளர் மோரைக் குடம் தண்ணீரில் ஊற்றிவிட்டுப் புளிப்பைத் தேடுவது போலத்தான். நல்ல கணையத்துக்கும் 90 வரும். என்னிடம் வந்த ஒருவர் இப்படியொரு எண்ணை நம்பி எட்டு மாதம் என்சைம் மாத்திரை விழுங்கியிருந்தார். கட்டியான மலத்தில் மறுபடி பார்த்தோம்: 400க்கு மேல். அவருக்கு இருந்தது குடல் நோய். பட்டாணி அளவு போதும், ஆனால் கட்டியாக இருக்கட்டும். ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கே: சாம்பிள் கொடுக்குமுன் என்சைம் மாத்திரையை நிறுத்தணுமா?

மோனோகுளோனல் (ஒரே வகை எதிர்ப்பொருளை வைத்துப் பார்க்கும்) முறை என்றால் வேண்டாம். மாத்திரையில் இருப்பது பன்றிக் கணைய நொதி. அந்தச் சோதனை மனித எலாஸ்டேஸை மட்டுமே பிடிக்கும். என்ன முறை என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: கணைய நீரில் லாக்டோஃபெரின் பார்த்தால் நோய் உறுதியாகுமாமே?

லாக்டோஃபெரின் ஒரு புரதம். நாள்பட்ட கணைய அழற்சியில் அது கூடுவதை 1970களிலேயே கவனித்தார்கள். ஆனால் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. நீரை எடுப்பதே பெரும்பாடு: கணையத்தைச் சுரக்கவைக்கும் சீக்ரெடின் ஹார்மோனை ஊசியாகப் போட்டு, எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடலில் நிறுத்தி, கால் மணிக்கொரு தரம் உறிஞ்சி, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். அப்படி எடுத்தாலும் முதலில் பார்ப்பது அதிலுள்ள பைகார்பனேட் என்ற காரப்பொருளைத்தான். லிட்டருக்கு 80 மில்லி ஈக்விவலன்ட்டைத் தொடாவிட்டால் சந்தேகம்.

கே: மகனுக்கு 24 வயது, குடிப்பழக்கம் இல்லை. கணையக் குழாயில் கல். மரவள்ளிக்கிழங்கு காரணமா?

அது நிரூபணமாகவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளம் வயதில் கல்லோடு வரும் வகை உண்டு. பலருக்கு ஸ்பிங்க்-1 மரபணுவில் மாற்றம் இருக்கும். ட்ரிப்ஸின் என்ற கணையச் செரிமான நொதியை அடக்கும் புரதம் அதிலிருந்துதான் உருவாகிறது. சிகரெட் தொட வேண்டாம். வருடாவருடம் சர்க்கரை பாருங்கள்.

கே: சிஏ 19-9 கூடியிருக்கிறது. புற்றுநோயா?

அது ரத்தத்தில் பார்க்கும் ஒரு புற்றுநோய்க் குறியீடு. ஆனால் அழற்சியிலும் கூடும், காமாலையிலும் கூடும். மறுபடி சொல்கிறேன், ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆனால் தள்ளியும் போடாதீர்கள். இந்த வாரமே ஸ்கேனோடு மருத்துவரைப் பாருங்கள்.