காமிராக்களை ஆப்பில் பதியுங்கள், பட்டியலைப் புரோக்கரிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் கணவர் கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் விட்டுச்சென்ற முப்பதுக்கும் மேற்பட்ட பழைய காமிராக்கள் பீரோவில் இருக்கின்றன. மகள் போனில் ஒரு ஆப் போட்டுத் தந்திருக்கிறாள். படம் எடுத்தால் பெயர், ஆண்டு, விலை எல்லாவற்றையும் அதுவே காட்டுகிறது. அதை நம்பிப் பதியலாமா? பழைய காமிரா வாங்கும் ஒருவர், "பட்டியல் முடிந்ததும் அனுப்புங்கள், மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். அனுப்பலாமா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. அனுப்பாதீர்கள். தாராளமாகப் பதியுங்கள், ஆனால் அது உங்கள் கையில் இருக்க வேண்டிய பட்டியல்.

மொத்தமாக எடுப்பவர்கள் பட்டியலைப் பார்த்ததுமே தங்களுக்கு வேண்டிய இரண்டு மூன்றைக் கண்டுகொள்வார்கள். பிறகு அந்த இரண்டுக்கே காணாத ஒரு தொகையை மொத்தத்துக்கும் சொல்வார்கள். "மீதியெல்லாம் குப்பைம்மா, உங்களுக்காக எடுத்துக்கிறேன்" என்ற வசனமும் கூடவே வரும். இதைவிட மோசமானது, "சர்வீஸ் பண்ணிப் பார்த்து விலை சொல்றேன்" என்று எடுத்துப்போவது. காமிரா திரும்பி வரும். பாடி உங்களுடையதுதான். லென்ஸ் வேறு. உங்கள் வீட்டு லென்ஸ் சுத்தமாக இருந்தது, வந்தது ஃபங்கஸ் (பூஞ்சை) பிடித்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

அதனால்தான் சொல்கிறேன், ஆப்பில் பெயரைவிட நம்பர் முக்கியம். பைக்குக்கு இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் என்று இரண்டு இருக்கிற மாதிரி, காமிராவிலும் பாடிக்கு ஒரு நம்பர், லென்ஸுக்கு ஒரு நம்பர். பாடியில் மேல் தகட்டிலோ பின்பக்கமோ பாருங்கள். லென்ஸில் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தில் பொடி எழுத்தில் இருக்கும். யாஷிகா மாட், ரோலிஃப்ளெக்ஸ் போன்ற டுவின் லென்ஸ் காமிரா என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு லென்ஸ். படம் எடுப்பது கீழே உள்ளது. இரண்டின் நம்பரையும் குறியுங்கள். பல ஆப்களில் 'சீரியல் நம்பர்' என்று ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருக்கிறார்கள். செய்தவர்கள் காமிராவைக் கையில் எடுத்துப் பார்த்ததுண்டா என்றே சந்தேகம். லென்ஸ் நம்பரைக் குறிப்புப் பகுதியில் எழுதிவிடுங்கள்.

படம் பார்த்து ஆப் சொல்லும் பெயரைப் பென்சில் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் காமிராக்களான ஃபெட், சோர்க்கி ஆகியவற்றின் மேல் தகட்டைத் தேய்த்து, விலை உயர்ந்த ஜெர்மன் காமிராவான 'லைக்கா'வின் பெயரைச் செதுக்கி, தங்கப்பூச்சும் ஜெர்மன் ராணுவ முத்திரையும் போட்டு விற்ற போலிகள் ஏராளம். ஆப் அதை லைக்கா என்றே சொல்லும், விலையும் அதற்கேற்பக் காட்டும். உங்கள் பீரோவில் அப்படி ஒன்று இருந்தால் லென்ஸைக் கழற்றி, லென்ஸ் மாட்டும் வாய்க்குள் மேல் பக்கம் பாருங்கள். லைக்காவில் சின்ன உருளைச் சக்கரம் ஒன்று இருக்கும். ஃபெட், சோர்க்கியில் அந்த இடத்தில் சரிவான ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். விலையும் அப்படித்தான். ஆப் காட்டுவது பெரும்பாலும் யாரோ வெளிநாட்டில் கேட்கிற விலை, விற்ற விலை அல்ல.

ஆண்டு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் பலரிடம் இருந்த ஜெனித் என்ற சோவியத் காமிராவில் பெரும்பாலும் நம்பரின் முதல் இரண்டு இலக்கம்தான் ஆண்டு. 76 என்று தொடங்கினால் 1976. இதைப் பார்த்துப் பழகிய கை, நிக்கான் எஃப் காமிராவை எடுத்ததும் அதே கணக்கைப் போட்டுவிடும். நம்பர் 64-ல் தொடங்குகிறதா, 1964 என்று எழுதிவிடும். தப்பு. நிக்கான் எஃப் வந்தது 1959-ல். அதன் வரிசையே 6400001 என்றுதான் தொடங்கியது. அந்த 64-க்கும் ஆண்டுக்கும் சம்பந்தமில்லை. பின்னால் வந்த சில நம்பர்கள் தற்செயலாக ஆண்டோடு ஒட்டிப்போவதால் இந்த நம்பிக்கை இன்னும் சாகவில்லை. விற்பவர்களும் எழுதுகிறார்கள், அதை அள்ளித் தின்ற ஆப்களும் ஒப்பிக்கின்றன. நிக்கான் எஃப் என்றால் ஆண்டுக் கட்டத்தில் '1959 அல்லது அதற்குப் பின்' என்று போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவற்றிலும் உறுதியாகத் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். காலிக் கட்டம் யாரையும் ஏமாற்றாது.

'நல்ல கண்டிஷன்' என்று எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள். முதலில் பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள், உள்ளே கசிந்து அரித்துவிடும். பிறகு ஃபிலிம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறந்து, பட்டனை அழுத்திப் பிடித்தபடி பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். முன்னால் நின்று பார்க்க மகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைத்திருந்தால் ஃபங்கஸ். நம் ஊர் ஈரத்துக்கு அது சகஜம். 'முன் கண்ணாடி ஓரத்தில் ஃபங்கஸ், ஒரு வினாடி வேகத்தில் வைத்தால் ஷட்டர் சிக்குகிறது' என்று எழுதினால் போதும். தோல் உறையில் வைத்தபடியே பீரோவில் பூட்டாதீர்கள், உறைதான் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

எந்த ஆப் என்று கேட்கவில்லை, நல்லது. எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். மூன்று காமிராவை மட்டும் பதிந்துவிட்டு, 'எக்ஸ்போர்ட்' கொடுத்து சிஎஸ்வி கோப்பாக (எக்ஸெல் போன்ற எதிலும் திறக்கக்கூடிய வெறும் அட்டவணைக் கோப்பு) வெளியே வருகிறதா பாருங்கள். வராவிட்டால், அல்லது அதற்குத் தனிச் சந்தா கேட்டால், அன்றே அழித்துவிடுங்கள். முதல் சில பொருளுக்கு இலவசம் என்பார்கள், பாதிக் கிணறு தாண்டிய பிறகு காசு கேட்பார்கள். ஒருநாள் கடையைச் சாத்திவிட்டும் போவார்கள். கோப்பை எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் பூஜ்யத்தில் தொடங்கும் நம்பரின் பூஜ்யத்தை அது விழுங்கிவிடும், தமிழும் கோணல் எழுத்தாகத் தெரியலாம். எக்ஸெலுக்குள் கோப்பைக் கொண்டுவரும்போது நம்பர் பத்தியை 'டெக்ஸ்ட்' என்றும், எழுத்து வகையை யூடிஎஃப்-8 என்றும் வைக்க மகளுக்குத் தெரிந்திருக்கும்.

படம் எடுக்கும் முன் போன் காமிராவில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீடு இருக்கும் இடம் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பட்டியல் உதவும். ஆனால் பில் கேட்பார்கள். அந்தக் காலத்தில் பர்மா பஜாரில் வாங்கியதற்கு யார் பில் கொடுத்தார்கள்? விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது, அதனால் கேட்கிறார்கள், அவ்வளவுதான். தேதி போட்ட படங்களையும் நம்பர் பட்டியலையும் கொடுத்து, மதிப்பீட்டுச் சான்று எவரிடமிருந்து வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

விற்கத்தான் போகிறீர்கள் என்றால், பட்டியலில் இன்னொரு பிரதி எடுத்து நம்பர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். பெயர், ஒரு படம், பழுது இவை மட்டும் இருக்கட்டும். அதை அவருக்கு அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை எழுதித் தரச் சொல்லுங்கள், மொத்த விலை வேண்டாம். பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வரட்டும். ஏதாவது ஒன்றை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்தால், பாடி நம்பர், லென்ஸ் நம்பர் இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் காமிரா பீரோவிலேயே இருக்கட்டும்.