நிமிர்ந்து பார்க்காத டாக்டர்

கேள்வி: மறதி நோயுள்ள என் அம்மாவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றால், டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பழைய மாத்திரைகளையே எழுதித் தருகிறார். கேட்டால், வேலைப்பளுவில் டாக்டர்களுக்கும் மனம் சோர்ந்துவிடுகிறதாம். சம்பளம் வாங்குகிறவர்கள் சொல்லும் சாக்குப்போக்குதானே இது?
- வாசகி, விழுப்புரம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அதை அந்த டாக்டர்மேல் கொட்டுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

எழுபது வயது அம்மா ஒருவர் ‘எல்லாம் மறந்துபோகிறது’ என்று வந்து உட்கார்ந்தால் என்னவெல்லாம் பார்க்கவேண்டும், தெரியுமா? தைராய்டு குறைவா, வைட்டமின் பி12 பற்றாக்குறையா, காது மந்தமா, கணவரை இழந்த துக்கமா? நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று உளறினால் சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். சர்க்கரைக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர் என்று எழுதிக்கொடுத்த மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? பிறகு மகளைத் தனியே உட்காரவைத்து, ‘இரவில் நீங்கள் தூங்குகிறீர்களா?’ என்று கேட்கவேண்டும். இத்தனையையும் ஐந்து நிமிடத்தில் யாரால் செய்யமுடியும்? செய்யத் தெரிந்த வேலையை அரைகுறையாகச் செய்து நாள்தோறும் ஆட்களை அனுப்பிவைப்பதுதான் மருத்துவரை உள்ளுக்குள் அரிக்கிறது. அதிலும் மறதி நோயின் முக்கிய வகையான அல்சைமர் குணமாகும் நோயல்ல. ‘சரியாகிவிட்டது டாக்டர்’ என்ற ஒரு வார்த்தை அவருக்குக் கிடைப்பதே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாடு இந்தச் சோர்வை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. உடலும் மனமும் களைத்துப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது ஆகியவை அதன் அடையாளங்கள். நீங்கள் பார்த்த அலட்சியம் இதில் இரண்டாவதாக இருக்கக்கூடும்.

இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களில் மறதி நோயுள்ளவர்கள் மட்டும் சுமார் 88 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. இந்த நிலையில் மருத்துவர்களுக்குத் தியான வகுப்பு நடத்துகிறார்களே, அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! அவருக்கு வேண்டியது பக்கத்து அறையில் ஓர் உளவியலாளர், குடும்பத்தோடு பேச ஒரு சமூகப் பணியாளர், முதியோரைப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர்.

அடுத்த முறை அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். டாக்டர்மீது புகார் எழுதுவதற்கு முன், அந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியாகக் கிடப்பவை எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வந்ததும் எங்களுக்கு அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.