பால்கனி அறையில் தங்கப் போகும் மகளுக்கு என்ன சொல்வது?

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. லியாம் பெய்னின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவள். அவர் ஹோட்டல் பால்கனியிலிருந்து விழுந்து இறந்த செய்தி வந்த அன்று இரவெல்லாம் அழுதாள். இப்போது தோழிகள் நால்வருடன் முதன்முறையாக வெளிநாடு போகிறாள். ஐந்தாம் மாடியில் பால்கனி உள்ள அறையை முன்பதிவு செய்திருக்கிறார்கள். பயணத்தைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை. அந்த பால்கனியில் எதைக் கவனிக்க வேண்டும், அவளிடம் நான் எதைச் சொல்ல வேண்டும்?

பதில்: கட்டடப் பாதுகாப்பு என் தொழில். நீங்கள் கேட்டதில் பாதிக்குத்தான் கம்பியும் கான்கிரீட்டும் பதில் சொல்லும். மறுபாதி கூட இருக்கும் மனிதர்களைப் பற்றியது. அதுவே முக்கியமான பாதி என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

லியாம் பெய்ன் 2024 அக்டோபர் 16 அன்று மாலை 5 மணிக்குச் சற்றுப் பிறகு, அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில், பலெர்மோ பகுதி ஹோட்டல் ஒன்றின் மூன்றாம் மாடி அறையிலிருந்து விழுந்தார். வயது 31. அவர் விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே ஹோட்டல் ஊழியர் அவசர உதவி எண்ணை அழைத்திருந்தார். விருந்தினர் தன்னிலையில் இல்லை, அவர் இருக்கும் அறையில் பால்கனி இருக்கிறது, அவர் உயிருக்கு ஆபத்து நேருமோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஆபத்து எங்கே இருக்கிறது என்பது சரியாகவே தெரிந்திருக்கிறது. ஆனாலும் கீழே வரவேற்புக் கூடத்தில் நினைவு தடுமாறிக் கிடந்த மனிதரை அங்கிருந்து தூக்கி, மேலே அதே அறைக்குத்தான் கொண்டுபோனார்கள்.

அவர் உடலில் மதுவும் கொகெய்னும் மனச்சோர்வுக்கான மாத்திரையும் இருந்ததாக அந்நாட்டு அரசு வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள். தற்கொலை, பிறர் தள்ளிவிட்டது ஆகிய இரண்டையும் அவர்கள் விலக்கிவிட்டார்கள். விழும்போது மனிதன் தன்னையறியாமல் கையை நீட்டித் தலையைக் காக்கப் பார்ப்பான். அப்படிச் செய்ததற்கான அடையாளம் அவர் உடலில் இல்லை. அந்த நொடியில் அவருக்கு முழு நினைவு இருந்திருக்காது என்பது அவர்கள் முடிவு.

அந்த டிசம்பர் இறுதியில் வழக்கை விசாரித்த நீதிபதி எழுதியதை உங்கள் மகளிடம் அவசியம் சொல்லுங்கள். லியாம் நினைவு தடுமாறிய நிலையில் இருந்தார், அறையிலோ பால்கனி இருந்தது. மருத்துவர் வரும்வரை பாதுகாப்பான ஓர் இடத்தில், துணையோடு அவரை வைத்திருப்பதே சரியான செயலாக இருந்திருக்கும் என்பது அதன் சாரம். ஹோட்டல் பொறுப்பாளர்கள் இருவர், நண்பர் ஒருவர் மீது அப்போது பதிவான மரணத்துக்குக் காரணமானார்கள் என்ற குற்றச்சாட்டை 2025 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டம் அவர்களைப் பொறுப்பாக்கவில்லை. அதற்காக அந்த அறிவுரை பொய்யாகிவிடாது.

நம் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒருவருக்குத் தலை சுற்றினால், போதை ஏறினால், "ரூமுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வை" என்போம். கரிசனத்தில் சொல்வதுதான். ஆனால் ஐந்தாம் மாடியில், பால்கனி உள்ள அறையில், கதவைச் சாத்திவிட்டுத் தனியாக விட்டு வருவதைவிட ஆபத்தான இடம் அந்தக் கட்டடத்திலேயே வேறு இல்லை. காற்று வேண்டும் என்று தோன்றும், வாந்தி வரும், இரண்டடி நடந்தால் பால்கனி. குனிந்தால் உடல் கம்பிக்கு மேலே சாய்ந்துவிடும்.

ஆகவே அந்த ஐந்து பெண்களும் கிளம்பும் முன்பே ஒரு விஷயத்தைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்: யாராவது நிலை தடுமாறினால் மாடிக்குப் போவதில்லை. தரைத்தளத்தில், வரவேற்புக் கூடத்தில், வெளிச்சத்தில், ஆட்கள் நடுவே உட்கார வேண்டும். ஒருத்தி கூடவே இருக்க வேண்டும். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு மெதுவாகிறது, உடல் சில்லிடுகிறது என்றால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். என்ன குடித்தாள், என்ன சாப்பிட்டாள் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. போகும் நாட்டின் அவசர எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளட்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அது 112. வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து இரவு இரண்டு மணிக்கு உங்களை அழைக்காமல் இருந்துவிடக் கூடாது. அந்த உறுதியை இப்போதே நீங்கள் அவளுக்குக் கொடுங்கள்.

சரி, இனி கம்பிக்கு வருகிறேன். பெரியவர்களின் உடல் எடை மையம் கொள்ளும் இடம், தரையிலிருந்து உயரத்தில் ஏறக்குறைய 55 சதவீதத்தில் இருக்கிறது. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 94 செ.மீ. அளவில் வரும். தடுப்பு அதைவிட உயரமாக இருந்தால், தடுமாறி மோதும் உடலை அது நிறுத்திவிடும். தாழ்வாக இருந்தால் அதுவே உடலைப் புரட்டிவிடும் நெம்புகோலாகிவிடும். பிரிட்டனின் கட்டட விதிகள் பால்கனித் தடுப்புக்கு 110 செ.மீ. கேட்பதும், அமெரிக்காவில் 42 அங்குலம், அதாவது சுமார் 107 செ.மீ. என்று வைத்திருப்பதும் இதனால்தான். விதிகள் வருவதற்கு முன் கட்டிய பழைய கட்டடங்களில் இடுப்பளவுகூட வராத தடுப்புகளை நானே பார்த்திருக்கிறேன்.

அளவுநாடா தேவையில்லை. தடுப்பின் அருகே நிமிர்ந்து நின்றால் அதன் மேல்விளிம்பு தொப்புளுக்கு மேலே வர வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டால் உடலின் மையமும் அத்தனை உயரும். அதையும் கணக்கில் கொள்ளுங்கள். தடுப்பின்மேல் உட்கார்ந்தாலோ, புகைப்படத்துக்காக அதில் ஏறிச் சாய்ந்தாலோ இந்தக் கணக்கு எதற்கும் உதவாது. உட்கார்ந்த நொடியிலேயே உடலின் எடை முழுவதும் தடுப்புக்கு மேலே போய்விடுகிறது.

முதல் மாடிதானே, விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் 3 மீட்டரிலிருந்து விழுந்தாலே தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 27 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கல் தரையில் தலை மோத அது போதும்.

அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறக்கும் முன், பகல் வெளிச்சத்தில் பால்கனியை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. தடுப்பில் சாயாமல், ஒரு காலைப் பின்னே ஊன்றிக்கொண்டு, கையால் மட்டும் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். கம்பி தரையில் இறங்கும் இடத்தில்தான் உண்மை தெரியும். அங்கே பழுப்பு நிறத்தில் துரு வழிந்த கறை, கம்பியைச் சுற்றி வளையமாக விரிசல், புதுப் பெயிண்டுக்கு அடியில் உப்பிய மேடு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். கடலோர ஹோட்டல்களில் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரமே செய்துவிடும். ஒருமுறை ஓர் ஹோட்டலைப் பார்வையிடப் போனபோது, மேலே பளபளவென்று மின்னிய கைப்பிடியை நான் லேசாக இழுத்ததும் அடிக்கம்பி குழியிலிருந்து விரலளவு மேலே எழும்பி வந்தது. அந்த அறையில் அன்று காலைவரை ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நாற்காலி, மேசை இரண்டையும் தடுப்பை விட்டுத் தள்ளிச் சுவரோரம் போட்டுவிடுங்கள்.

எத்தனை பேர் நிற்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பிறந்தநாள் விருந்தின்போது அடுக்குமாடிக் குடியிருப்பு பால்கனி ஒன்று இடிந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். தாங்கி நின்ற மர உத்தரங்கள் ஈரத்தில் உளுத்துப் போயிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் புதுக் கட்டடம். அதன் பிறகு அந்த மாநிலம் இத்தகைய பால்கனிகளை ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சட்டம் கொண்டுவந்தது. உள்ளே உளுத்திருப்பதை உங்கள் மகளால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அக்கம்பக்கத்து அறையினரையும் கூப்பிட்டு ஒரே பால்கனியில் பத்துப் பேர் ஆடாமல் இருக்க முடியும்.

இன்னொரு வகை விபத்து, பால்கனிக்குப் பால்கனி தாண்டுவது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் இதற்கும், பால்கனியிலிருந்து நீச்சல் குளத்தில் குதிப்பதற்கும் சேர்த்து 'பால்கனிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் அங்கே இதைத் தடைசெய்து, ஆயிரக்கணக்கான யூரோ அபராதமும் விதித்தார்கள். உங்கள் மகள் அப்படிக் குதிப்பவள் அல்ல என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல நிதானத்தில் இருப்பவர்களும் தாண்ட நினைக்கும் ஒரு தருணம் உண்டு: பால்கனிக் கதவு பின்னால் தானாகப் பூட்டிக்கொள்ளும்போது. கைப்பேசி உள்ளே, தோழி குளியலறையில், பக்கத்து பால்கனி கைக்கெட்டும் தூரத்தில். கண்ணுக்கு ஒரு மீட்டர் போலத் தெரியும் அந்த இடைவெளி, நின்ற இடத்திலிருந்து தாண்டும்போது அப்படி இருக்காது. பிடிக்கும் கம்பி ஈரமாக இருக்கலாம். பால்கனிக்குப் போகும்போதெல்லாம் கைப்பேசி கையில் இருக்கட்டும். பூட்டிக்கொண்டால் சத்தம் போட்டுக் கூப்பிட்டு, காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் குளிரில் நிற்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக, அறையை மாற்றலாமா என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கும். மாற்றலாம். பால்கனி இல்லாத அறை வேண்டும் என்று இப்போதே ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் கடல் பார்த்த அறைகளைத்தான் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் இது கிடைப்பது எளிது. தூக்கத்தில் நடக்கும் பழக்கம் அந்த ஐவரில் யாருக்காவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அப்படி ஒன்றும் இல்லை, அவர்களுக்கு அந்தக் காட்சி வேண்டும் என்றால் ஐந்தாம் மாடியிலேயே இருக்கட்டும். இரவு படுக்கும் முன் பால்கனிக் கதவைத் தாழிடுவது யார் பொறுப்பு என்பதை மட்டும் ஐவரில் ஒருத்தியின் பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளட்டும்.