70 இரவுக் கணக்கு: விடுதி வரி கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தின் கார்ன்வாலில் எங்களுக்கு ஒரு சிறிய காட்டேஜ் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கவுன்சில் டாக்ஸிலிருந்து (குடியிருப்பு வீட்டுக்கான உள்ளாட்சி வரி) பிசினஸ் ரேட்ஸுக்கு (வணிகச் சொத்துக்கான வரி) மாறினால் எதுவுமே கட்ட வேண்டாமாமே? (வாசகி, ஹாரோ)

பதில்: கட்டாமல் போகவும் வாய்ப்புண்டு. ஆனால் அதை முடிவு செய்வது நீங்களும் இல்லை, கவுன்சிலும் இல்லை. அரசின் மதிப்பீட்டு அலுவலகம்தான். 2023 ஏப்ரல் முதல் அங்கே விதி இது: கடந்த 12 மாதத்தில் வீடு 140 இரவாவது வாடகைக்குக் கிடைத்திருக்க வேண்டும், 70 இரவாவது காசு கொடுத்து ஆள் தங்கியிருக்க வேண்டும். அடுத்த 12 மாதத்திலும் 140 இரவு வாடகைக்குக் கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும்.

மாறிய பிறகு, மதிப்பீட்டு அலுவலகம் போடும் ரேட்டபிள் வேல்யூ (வரிக்கு அடிப்படையான ஆண்டு வாடகை மதிப்பு) 12,000 பவுண்டுக்குள் இருந்து, அது உங்களுடைய ஒரே வணிகச் சொத்தாகவும் இருந்தால், முழுத் தள்ளுபடி கிடைக்கும். அதற்கு மேல் போகப் போகத் தள்ளுபடி குறையும்: 13,500க்குப் பாதி, 15,000க்கு ஒன்றுமில்லை. தள்ளுபடி தானாக வராது, கவுன்சிலிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பலரும் சறுக்குவது அந்த 70 இரவில்தான். மாமா குடும்பம் சும்மா வந்து தங்கிய வாரம் கணக்கில் வராது, நீங்களே போய்த் தங்கியதும் வராது. ஒவ்வொரு புக்கிங்குக்கும் தேதி, தொகை, வங்கியில் வரவான பதிவு மூன்றையும் சேர்த்து வையுங்கள். விவரம் கேட்டு வரும் படிவத்துக்குப் பதில் போடாமல் விட்டாலும் வம்புதான். 70 எட்டவில்லை என்றால் பழைய தேதியிலிருந்தே கவுன்சில் டாக்ஸுக்குத் தள்ளிவிடுவார்கள். 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு (யாரும் நிரந்தரமாகக் குடியிருக்காதவை) கவுன்சில்கள் இரு மடங்கு வரை வசூலிக்கலாம். கார்ன்வால் அப்படித்தான் வசூலிக்கிறது.

கேள்வி: குடியிருக்கும் வீட்டிலேயே இரண்டு அறையை பி அண்ட் பி-யாக (படுக்கையும் காலை உணவும் தரும் விடுதி) விட்டால்? (வாசகர், லெஸ்டர்)

பதில்: ஒரே நேரத்தில் 6 பேருக்கு மேல் தங்க வைக்காமல், அதுவே உங்கள் பிரதான வீடாகவும், விருந்தினர் தொழில் குடியிருப்புக்கு அடுத்தபடியாகவும் இருந்தால் பிசினஸ் ரேட்ஸ் கிடையாது. கவுன்சில் டாக்ஸ் மட்டும்தான்.

கேள்வி: இப்படி எல்லோரும் மாறிக்கொண்டால் ஊருக்கு நஷ்டமில்லையா? (அதே வாசகர்)

பதில்: நஷ்டம்தான், முக்கியமாகக் கிராமத்துக்கு. சிறு தொழிலுக்குக் கொடுக்கும் தள்ளுபடியில் ஒரு பகுதியையாவது மத்திய அரசு மானியமாகப் பெரிய கவுன்சில்களுக்கு ஈடுகட்டுகிறது. பாரிஷ் கவுன்சிலுக்கு (கிராம அளவிலான சிறிய உள்ளாட்சி) அந்த வழி இல்லை. விளையாட்டுத் திடல், இடுகாடு, பஸ் நிழற்குடை என்று அது பார்க்கும் வேலைகளுக்கு வரிப்பணம் கவுன்சில் டாக்ஸோடு சேர்ந்துதான் வருகிறது. ஒரு பாரிஷுக்கு ஆண்டுக்கு 20,000 பவுண்டு தேவை, ஒரே தரத்தில் 400 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 50 பவுண்டு. 40 வீடு பிசினஸ் ரேட்ஸுக்குப் போனால் மீதி 360 வீடும் வீட்டுக்கு 55 பவுண்டு 56 பென்ஸ் கட்ட வேண்டும். கட்டுகிறவர்கள் அங்கேயே நிரந்தரமாக வாழ்கிறவர்கள். 70 இரவு என்ற வரம்பு மிகக் குறைவு என்பதே எங்கள் கருத்து. வேல்ஸ் 2023 ஏப்ரலில் 182 இரவு ஆள் தங்க வேண்டும், 252 இரவு வீடு கிடைக்க வேண்டும் என்று உயர்த்தியது. அங்கே நேர்மையாகத் தொழில் செய்கிற சிறு விடுதிக்காரர்கள்கூடக் குளிர்காலத்தில் அதை எட்டத் திணறினார்கள் என்பதையும் மறுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் வேண்டும்.

கேள்வி: குப்பை? (வாசகி, ஹாரோ)

பதில்: வாடகை காட்டேஜின் குப்பையை எடுக்கக் கவுன்சில் தனிக் கட்டணம் கேட்கலாம். பக்கத்து வீட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள். முதல் விருந்தினர் வருவதற்கு முன்பே கவுன்சிலிடமோ தனியாரிடமோ ஒப்பந்தம் போட்டு, அந்தச் செலவையும் வாடகையில் சேர்த்துவிடுங்கள்.