வயற்றாட்டி இல்லாத ஊரில் பேறுகாலத்துக்கு யார் துணை?

கேள்வி: குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களை ஒட்டிய சிற்றூரில் வசிக்கிறோம். என் மனைவிக்கு இது தலைப்பிரசவம்; ஏழாம் மாதம் நடக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் அந்தக் காலத்து வயற்றாட்டிகளின் (வீட்டுக்கே வந்து பேறு பார்த்த மருத்துவச்சிகளின்) பெருமையையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் பார்ப்பதுதான் நல்லது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பழைய முறையில் எடுத்துக்கொள்ளத் தக்கது ஏதாவது உண்டா? நாங்கள் எப்படி ஆயத்தமாக வேண்டும்?

பதில்:

என் அப்பாவின் அம்மை விளவங்கோடு வட்டத்தில் ஒரு கிராமத்தில் வயற்றாட்டியாக இருந்தவர். நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதி பேச்சிப்பாறையைச் சுற்றியுள்ள மலையோரத் துணை சுகாதார நிலையங்களில்தான் கழிந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுவதும் உண்டு என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டிக்கு வயதான பிறகு, நான் செவிலியர் பயிற்சிக்குப் போகும் முன்பு, ஒரு மாலையில் தாம் பார்த்த பேறு ஒன்றைப் பற்றிச் சொன்னார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சுக்கொடியும் விழுந்தது, வீட்டார் கருப்பட்டிக் காப்பி போடப் போய்விட்டார்கள். "துணி நனைஞ்சுது, பாய் நனைஞ்சுது, தரையும் நனைஞ்ச பொறவுதான் எனக்கு வெளங்கிச்சு மக்களே" என்றார். நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரைப் பாட்டி சாகும்வரை மறக்கவில்லை.

பிள்ளை பிறந்தவுடன் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்து இரத்தக் குழாய்கள் அடைபடும். சுருங்காமல் தளர்ந்து கிடந்தால் இரத்தம் குழாய்த் தண்ணீர்போல் போகும். கவனிக்க ஆளில்லாவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடும். இதைத் தடுப்பதற்காகத்தான் குழந்தை பிறந்த கையோடு தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போடுகிறோம். அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் இரத்தம் நிற்காவிட்டால் நரம்பு வழியாகச் சலைன் ஏற்ற வேண்டும், வேறு மருந்துகள் கொடுக்க வேண்டும், சில நேரம் இரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு கைதேர்ந்த வயற்றாட்டியானாலும் அவருடைய துணி மூட்டைக்குள் இவை அடங்காது. கொப்பூழில் அடுப்புச் சாம்பல் வைப்பது பாட்டியின் வழக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வழக்கத்தால் எத்தனை பச்சைக் குழந்தைகளுக்கு இசிவு (டெட்டனஸ்) கண்டதோ, அவருக்கும் தெரியாது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டும், சுத்தமான பிளேடால் கொடியறுத்தும் அந்த நோயை ஒழித்தோம். இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது 2015-இல்தான்.

அதற்காக வயற்றாட்டிகளை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1916 முதல் திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ், அவர்களைப் பகைத்துக்கொள்ளாமல் அவர்களுடைய பிள்ளைகளையே பேறுகாலப் பயிற்சிக்குச் சேர்த்தார். அந்த வீட்டுப் பெண்களுக்குக் கிராமம் ஏற்கெனவே கதவைத் திறந்து வைத்திருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊசிப் பெட்டியோடு வாசலில் நின்ற என்னைப் பல வீடுகளில் "இன்னாருடைய பேத்தி" என்றுதான் உள்ளே விட்டார்கள்.

இனி எடுத்துக்கொள்ளத் தக்கதைச் சொல்கிறேன். பாட்டி ஒரு வீட்டுக்குப் போனால், பிள்ளை பிறந்து, தாய் எழுந்து சிறுநீர் கழித்து, குழந்தை பால் குடித்த பிறகுதான் திரும்புவார். சில நேரம் இரண்டு இரவுகள் ஆகும். நோவு கண்டவளைப் படுக்க விடமாட்டார்; நடக்க வைப்பார், உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்த வைப்பார், இடுப்பின் பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார், இடையிடையே கஞ்சித்தெளிவு கொடுப்பார். நான் பயிற்சி பெற்ற காலத்தில் இதையெல்லாம் பட்டிக்காட்டுப் பழக்கம் என்றுதான் கேலி செய்தோம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட மகப்பேற்றுப் பரிந்துரைகளில் அவையே இருந்தன: நோவுக்காலம் முழுவதும் அவள் விரும்பும் துணை ஒருவர் உடனிருப்பது, விருப்பம்போல் நடமாடுவது, சிக்கல் இல்லாதவர்கள் நீரும் உணவும் உட்கொள்வது. தொடர்ந்து துணை இருக்கும் பெண்களுக்கு இயல்பான பேறு கூடுகிறது, அறுவை குறைகிறது, நோவு நேரமும் சற்றுக் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

என் தலைப்பிரசவம் வெளியூரில், பெரிய மருத்துவமனை ஒன்றில் நடந்தது. என் அம்மையை வராந்தாவில் நிறுத்திவிட்டு, ஒன்பது மணி நேரம் என்னை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். வாய்விட்டு அழுதபோது, "நர்ஸாக இருந்துகொண்டு இப்படிச் சத்தம் போடலாமா?" என்று ஒருவர் கேட்டார். மருத்துவத்தில் குறை ஒன்றும் இல்லை. நானும் பிள்ளையும் நலமாகத்தான் வீடு திரும்பினோம். ஆனால் சுவரில் இருந்த கடிகாரத்தைத் தவிர வேறு முகம் எதையும் அந்த ஒன்பது மணி நேரத்தில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்த வாரம் பாட்டி என்னைப் பார்க்க வந்தபோது கேட்ட முதல் கேள்வி, "ஒனக்கக் கூட ஆரு இருந்தா?" என்பதுதான்.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதிலேயே இருக்கிறது. பேறு மருத்துவமனையில் நடக்கட்டும். வயற்றாட்டியிடம் இருந்த துணையை நீங்கள் அங்கே கொண்டுபோங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவ நிலையங்களில்தான் நடக்கின்றன. ஆகவே இடத்தைப் பற்றிய வாதம் ஏறத்தாழ முடிந்துபோனது. அதே ஆய்வில் அறுவைப் பேறு 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. இந்த எண்ணிக்கைக்குக் காரணங்கள் பல உண்டு. பொறுமையாகப் பக்கத்தில் இருக்க ஆளில்லாமல் போனதும் அவற்றில் ஒன்று என்பது என் கருத்து. இதைக் கண்டு வெறுத்து, காணொளி பார்த்து வீட்டிலேயே பேறு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். 2018-இல் திருப்பூரில் அப்படி ஒரு பெண் இரத்தப்போக்கால் இறந்துபோனார். என் பாட்டி பார்த்த அதே சாவு.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கும் முறை உண்டு. அது தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே செவிலியரிடம், "சிஸ்டர், கூட இருக்கப் போறது இவங்கதான்" என்று அந்தப் பெண்ணைக் காட்டிப் பேசி வைத்துவிடுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் பதிவு செய்யும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். அவர்கள் தரும் பதிலே அந்த இடத்தைப் பற்றிப் பாதி சொல்லிவிடும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பல வீடுகள் தவறு செய்கின்றன. பெற்ற தாய்தான் வர வேண்டும் என்பது நம் வழக்கம். ஆனால் மகள் துடிப்பதைப் பார்த்துத் தானும் அழுகிற தாய், உதவியைவிடப் பயத்தையே அதிகமாகக் கொண்டுவருவார். ஒருமுறை ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வீட்டு இளம்பெண் ஒருத்தி நோவோடு வந்தாள். அம்மையும் மாமியும் தாங்கள்தான் உள்ளே வருவோம் என்று வாசலில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அவளோ கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "மைனி வரட்டு" என்று மட்டும் சொன்னாள். மூன்று பிள்ளை பெற்ற அந்த மைனி (அண்ணி), அதிகாலையில் பால் வெட்டிவிட்டு அப்படியே ஓடி வந்திருந்தாள். சேலையில் ஒட்டுப்பாலின் நாற்றம் போகவில்லை. கைகளைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவச் சொல்லி, வேறு சேலை கொடுத்து உள்ளே விட்டோம். அவள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு வலிக்கும் அந்தப் பெண்ணின் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "இதும் போச்சு, இதும் போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உங்கள் வீட்டிலும் உங்கள் மனைவி யார் பெயரைச் சொல்கிறாரோ அவரையே தேர்ந்தெடுங்கள்.

அப்படி வருபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவுபடுத்த வேண்டும். நிறைந்த நீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும். செவிலியர் சொல்வதற்கு முன்பே "முக்கு, முக்கு" என்று அவசரப்படுத்தக் கூடாது. தலைப்பிரசவத்தில் கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகும் 12 மணி நேரம்வரை ஆவது இயல்புதான். வயிற்றின் மேற்பகுதியை யாரும் அமுக்கித் தள்ளக் கூடாது, அது ஊழியராகவே இருந்தாலும்.

சீக்கிரம் சொல்லி முடிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிராமச் செவிலியரிடம் பதிவு செய்து 12 இலக்கப் பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கியிருப்பீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் கட்டன் சாயாவோடு விழுங்குவது நம் தோட்டப் பகுதியில் எங்கும் பார்க்கும் பழக்கம். தேயிலை அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. மதிய உணவுக்குப் பிறகு, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டு விழுங்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும், ஏனெனில் இரத்தம் குறைந்த உடம்பு பேற்றின்போது போகும் சிறிதளவு இரத்தத்தையும் தாங்காது.

பயணம்தான் உங்கள் ஊருக்குப் பெரிய சிக்கல். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலும் ஐப்பசி மழையிலும் தரைப்பாலங்கள் முங்கிவிடும், மரம் விழுந்து தோட்டத்துச் சாலை அடைபடும், தொலைபேசிக் கோபுரமும் கை கொடுக்காது. 2008-இல் 108 ஊர்தி வந்தபிறகு பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனாலும் தோட்டத்துக்குள் உள்ள வீட்டுக்கு ஓட்டுநர் வழி கண்டுபிடிக்க நேரம் ஆகும். எந்த முக்கில் ஆள் நிறுத்துவது, எந்த வீட்டு ஜீப் இரவிலும் வரும் என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் இருந்து படகில்தான் வர வேண்டும். அங்குள்ள பெண்களை நாள் நெருங்கும்போதே இக்கரையில் உறவினர் வீட்டில் தங்க வைக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். தமிழ்நாட்டில் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் இதற்கென்றே காத்திருப்பு அறை உண்டு. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் குலசேகரத்தில் ஓர் உறவு வீடு போதும்.

சூட்டு வலியா, உண்மை நோவா என்ற குழப்பம் வரும். நடந்தாலும் படுத்தாலும் விடாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் தொடர்ந்து வந்தால் அது நோவு. உங்கள் தொலைவுக்கு அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். சூட்டு வலியாக இருந்து திரும்பி வந்தால் யாரும் சிரிக்கப் போவதில்லை. பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலியை எதிர்பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

பிறந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். வயம்பும் (வசம்பு) தேனும் நாக்கில் வைக்க மூத்தவர்கள் வருவார்கள், மரியாதையோடு தடுத்துவிடுங்கள். தாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் காய வைப்பதையும் அப்படியே. வேது வெள்ளத்தில் (இலைகள் போட்டுக் காய்ச்சிய நீரில்) குளிப்பதும், உள்ளியும் கருப்பட்டியும் சேர்ந்த பேறு மருந்தும் அளவோடு இருந்தால் நான் தடுத்ததில்லை. வீட்டார் அவளை அக்கறையோடு கவனிப்பதற்கு அது ஒரு சாக்கு. 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டுக்கு வந்து பார்க்கும் முறை உண்டு. அந்த நாள்களில் வருபவரிடம் குழந்தையோடு தாயையும் பார்க்கச் சொல்லுங்கள்: இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு, தையல், காய்ச்சல், தூக்கம், அழுகை. குழந்தையை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, தாய் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்ததைக் கவனிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவது எளிது. நானே அப்படிப் போயிருக்கிறேன்.