ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்

அன்புள்ள அண்ணா,

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். மாமா கொடுத்த 2006ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. வளைவில் திருப்பினால் முன்பக்கம் வெளியே விலகி ஓடுகிறது. முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடு, வண்டி தாழ்ந்து சாலையோடு ஒட்டி ஓடும் என்கிறார்கள் நண்பர்கள். தேடிப் படித்தால் கேம்பர், டோ, டாம்பிங் என்று தலை சுற்றுகிறது. சக்கரங்களை வண்டியோடு இணைத்துத் தாங்கும் சஸ்பென்ஷனை முறையாகக் கற்க எங்கே தொடங்குவது?

— ச.

அன்புள்ள தம்பி,

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். இதைச் சொல்லாமல் வேறு எதையும் பேச எனக்கு மனம் வராது.

எனக்கு முதலில் வாய்த்ததும் ஒரு கோல்ஃப்தான். டர்பனில் ஒரு பட்டறையில் முன் ஸ்பிரிங் இரண்டிலும் ஒன்றரைச் சுற்றை கிரைண்டரால் அறுத்துத் தந்தார்கள். வண்டி நிற்கும் அழகைப் பார்க்கவே வாசலுக்குப் போய்ப் போய் வந்தேன். மூன்றாம் வாரம், மழை விட்ட ஒரு மாலை, ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் வளைவின் நடுவே ஒட்டுப்போட்ட தார் மேடு. டொக்கென்று ஒரு சத்தம். ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் போயிற்று. வண்டி பக்கத்துத் தடத்துக்கு வழுக்கியது. அந்த நேரம் அங்கே லாரி வராததால் பிழைத்தேன். பிறகு கழற்றிப் பார்த்தால், ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்போது இடி தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் துகள் துகளாகப் பிய்ந்திருந்தது. ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரின் தண்டு முழுக்க எண்ணெய்.

நடந்தது இதுதான். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை எடுத்தால் அது 20 சதவீதம் விறைப்பாகும். ஆனால் வண்டி தாழ்ந்த அளவுக்கு, அமுங்குவதற்கு மீதமுள்ள தூரமும் குறைந்துவிடும். மேட்டில் ஏறியதும் ஸ்பிரிங்கின் வேலை முடிந்து, பாரமெல்லாம் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் டயர் பிடியை விட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. உங்கள் கோல்ஃபின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்க, கீழே ஒரு கை சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு. அதைத் தாழ்த்தினால் கீழ்க்கைகள் சக்கரப் பக்கமாக மேல்நோக்கிச் சாய்ந்து, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கும். தாழ்த்திய வண்டி அதனாலேயே கூடுதலாகச் சாயப் பார்க்கும்.

தாழ்ந்த வண்டி ஒட்டும் என்ற எண்ணம் பந்தயக் கார்களைப் பார்த்து வருவது. 1946இல் டர்பனில் பிறந்த பந்தயக் கார் வடிவமைப்பாளர் கார்டன் மரே, 1981இல் பிராபம் அணியின் பிடி49சி ஃபார்முலா ஒன் காருக்கு ஒரு ஏற்பாடு செய்தார். நிற்கும்போது பந்தய விதி கேட்ட 6 சென்டிமீட்டர் இடைவெளி தரைக்கும் காருக்கும் நடுவே இருக்கும். ஓடும்போது காற்றின் அழுத்தமே காரைத் தரையோடு அமுக்கும். காருக்கு அடியில் ஓடும் காற்றைப் பயன்படுத்தத்தான் அந்தத் தாழ்வு, அதுவும் வழுவழுப்பான பந்தயத் தளத்தில். உங்கள் தெருவில் இருப்பது வேகத்தடை.

நம் முன்னோர் கட்டைவண்டியிலிருந்து வில்வண்டியைப் பிரித்துச் சொன்னது உடம்பு குலுங்காமல் இருப்பதை வைத்து. காரின் வில்லுக்கு அதைவிடப் பெரிய வேலை உண்டு: நான்கு டயர்களையும் தரையை விட்டு எழும்பாமல் வைத்திருப்பது. வளைவில் எடை உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும். மொத்தம் எவ்வளவு மாறும் என்பது வண்டியின் எடை, எடை மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவில் போகும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்ட்டி-ரோல் பாரும் அந்த மொத்தத்தை ஏறக்குறைய மாற்றுவதில்லை. முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு பிரிக்கின்றன. பாரம் இரு மடங்கானால் டயரின் பிடி இரு மடங்காகாது, குறைவாகத்தான் கூடும். ஆகவே 300, 300 கிலோ சுமக்கும் ஒரு ஜோடி டயர், 100, 500 என்று சுமக்கும் ஜோடியைவிட நன்றாகப் பிடிக்கும். முன்பக்கத்தை விறைப்பாக்கினால் எடை மாற்றத்தில் பெரும் பங்கு முன் டயர்களுக்கே போகும். ஏற்கெனவே முன்பக்கம் விலகும் வண்டி இன்னும் விலகும். நண்பர்கள் சொன்னது உங்கள் குறைக்கு நேர் எதிரான மருந்து. கொஞ்சம் விறைப்பு தேவையென்றால் அது பின்பக்கம் தேவை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி சஸ்பென்ஷன் புரிந்தது போல.

இப்போது தொடக்கம். பழைய வண்டியை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கீழ்க்கைகளின் புஷ் (மூட்டில் உள்ள ரப்பர் உறை), பால் ஜாயின்ட் (சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு), ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் சரிபார்த்துத் தேய்ந்ததை மாற்றுங்கள். நைந்த புஷ்ஷோடு நீங்கள் செய்யும் எந்த மாற்றத்துக்கும் நம்பத்தகுந்த விடை கிடைக்காது.

அடுத்து டயர் காற்று. காசு செலவில்லாத, ஆனால் மிகக் கூர்மையான கருவி இது. வண்டி ஓடாத காலையில், சொந்தமாக வாங்கிய அளவியால் பாருங்கள். கடலோர டர்பனில் 2.0 பார் அழுத்தம் வைத்துவிட்டு உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க் போனால், மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவென்பதால், அதே வெப்பநிலையில் அளவி 2.2 பாருக்குச் சற்றே குறைவாகக் காட்டும். காற்றைக் குறித்துக்கொள்ளாமல் வேறு எதைச் சோதித்தாலும் வீண் என்பது இதனால்தான்.

பிறகு ஒரு சாக்பீஸ் எடுங்கள். டயரின் தோளில், தரையில் படும் பகுதியிலிருந்து பக்கச்சுவர் வரை மூன்று இடங்களில் கோடு போடுங்கள். ஆளில்லாத, அனுமதி பெற்ற ஒரு திறந்த இடத்தில் ஒரே வளைவை ஒரே வேகத்தில் நாலைந்து முறை சுற்றிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்று போதவில்லை. தோளுக்கே வராமல் நின்றுவிட்டால் காற்று அதிகம். அடுத்து ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டை கட்டி, அதைக் கீழே, ஷாக் அப்சார்பரின் குழாயோடு ஒட்டித் தள்ளி வையுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டியபின் அது எவ்வளவு மேலேறி நிற்கிறது என்று பாருங்கள். சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அமுங்குகிறது, பம்ப் ஸ்டாப்புக்கு இன்னும் எத்தனை மில்லிமீட்டர் பாக்கி என்று அந்தச் சின்ன நாடா சொல்லிவிடும். எனக்கு யாராவது அன்றே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டைக் கடையில் செய்து, அச்சிட்ட எண்களைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டியில் முன் கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தை, சற்று மாற்றலாம். அதை மாற்றினால் டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறும், திரும்பச் சரிசெய்ய வேண்டும். பின்பக்கத்தில் திருகி மாற்ற எதுவும் இல்லை.

தடையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ஷாக் அப்சார்பர் கடைசியில். ஸ்பிரிங் சுருங்கும்போது ஒரு தடை, விரியும்போது ஒரு தடை; நீங்கள் படித்த டாம்பிங் இதுதான். விரிவதை அளவுக்கு மீறி இறுக்கினால், அலை அலையான மண்சாலையில் ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி நிமிர நேரமின்றி அமுங்கிக்கொண்டே போய், மறுபடி பம்ப் ஸ்டாப்பில் உட்காரும்.

ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியது, காற்றின் அளவு, சாலை ஈரமா உலர்வா, கைக்கு என்ன தெரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சக்கர மையத்திலிருந்து மேல் வளைவு வரை நான்கு மூலைகளின் உயரத்தையும் நாடாவால் அளந்து முதல் பக்கத்தில் குறியுங்கள். இடமும் வலமும் பெரிதாக வேறுபட்டால் எனக்கு உடனே எழுதுங்கள். ஒரு ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம், அதுவரை வேகமாக ஓட்ட வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்