சனிக்கிழமை ராத்திரி மட்டும் வேண்டாம்

கேள்வி: ஆகஸ்ட் முதல் வாரம் பாஸ்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம், ஆறு வாரம் இருப்போம். அங்கே நார்த் எண்ட் என்று இத்தாலியர்களின் பழைய பேட்டை ஒன்று இருக்கிறதாம். ஒரு சனிக்கிழமை ராத்திரி டின்னருக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான் மகன். மருமகளோ, "அதெல்லாம் இப்போது டூரிஸ்ட்டுகளுக்காக நடத்துகிற கடைகள், அசல் இத்தாலிச் சாப்பாடே கிடையாது" என்கிறாள். நான் எதையும் விட்டுவைக்காத ஆள். என் மனைவி முட்டைகூடத் தொடமாட்டார். இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற ஒரே ஒரு நல்ல ஹோட்டல் பெயர் சொல்லுங்கள், போதும்.
- ஒரு வாசகர், மதுரை

பதில்: ஐயா, ஒரே ஒரு பெயர் சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நார்த் எண்டில் ஒரு மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுந்திருப்பது எனக்கு ஒப்பாத காரியம். மொத்தப் பேட்டையும் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு கடையில் பீட்சா, அடுத்த தெருவில் காபி, திரும்பினால் இனிப்பு என்று பகலில் நடந்து நடந்து சாப்பிட வேண்டிய இடம் அது. சில வருடங்கள் அந்த ஊரில் இருந்தேன். முதல் வருடம் முழுக்க உங்கள் மகன் சொல்கிற மாதிரி சனிக்கிழமை ராத்திரிகளில் போய்ப் போய் ஏமாந்தவள் நான்.

சனிக்கிழமை ராத்திரி அங்கே முக்கியமான தெருவான ஹானோவர் தெருவில் நடைபாதையே தெரியாது. பல கடைகளில் முன்பதிவு கிடையாது, வாசலில் வரிசைதான். முக்கால் மணி நேரம் கால் கடுக்க நின்று உள்ளே போனால், மேஜைகள் முழங்கை இடிக்கிற நெருக்கத்தில் இருக்கும். தட்டு காலியானதும் பில் வந்துவிடும். சின்னக் கடைகள் சிலவற்றில் இனிப்பும் காபியும் கேட்டாலும் இல்லை என்பார்கள். அதற்குத்தான் பக்கத்திலேயே பேஸ்ட்ரி கடைகள் இருக்கின்றன, நீங்கள் எழுந்தால் அடுத்தவர் உட்காரலாம், அவ்வளவுதான் கணக்கு. ஊரிலிருந்து போன வயதானவர்களை அந்த வரிசையில் நிறுத்துவது பாவம்.

மகனை ஒரு வெள்ளிக்கிழமை லீவு போடச் சொல்லுங்கள். காரை வீட்டிலேயே விடட்டும்; அங்கே பார்க்கிங் தேடுவதற்குள் பசியே போய்விடும். மெட்ரோ ரயிலில் ஆரஞ்சு லைனோ கிரீன் லைனோ பிடித்து ஹேமார்க்கெட் ஸ்டேஷனில் இறங்குங்கள். வெள்ளியும் சனியும் பிளாக்ஸ்டோன் தெருவில் காய்கறிச் சந்தை போடுவார்கள். கூவி விற்கிற சத்தத்தைக் கேட்டால் உங்கள் மனைவிக்கு அமெரிக்கா வந்த அலுப்பே போய்விடும். அங்கிருந்து ஒரு நீளமான பூங்காவைக் கடந்தால் நார்த் எண்ட்.

அந்தப் பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு ஒரு மேம்பால நெடுஞ்சாலை இருந்தது. 1950களில் கட்டியது. பச்சை இரும்புத் தூண்களும் இரைச்சலுமாக, பேட்டையை மற்ற ஊரிலிருந்து வெட்டிவிட்டது. சாலையைப் பிறகு பூமிக்கடியில் கொண்டுபோய், பாலத்தை இடித்து, மேலே பூங்கா போட்டார்கள்; 2008ல் திறந்தது. பாலம் இருந்தவரை வெளியாட்கள் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை, பழைய கடைகளும் பழைய குடும்பங்களும் அப்படியே தங்கின என்பது என் எண்ணம். பாலம் போனதும் வெளிச்சம் வந்தது, வாடகையும் ஏறியது. பழைய குடும்பங்களில் பல மெட்ஃபோர்டு, ரெவேர், சாகஸ் என்று புறநகர்களுக்குப் போய்விட்டன. உங்கள் மருமகள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

ஆனால் "அசல் இத்தாலிச் சாப்பாடு இல்லை" என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சிக்கன் பார்மேசன் இத்தாலியில் கிடைக்காது, வாஸ்தவம். தெற்கு இத்தாலியில் கத்தரிக்காயைப் பொரித்து, தக்காளிச் சாறும் சீஸும் அடுக்கடுக்காகப் போட்டுச் சுடுவார்கள். நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்தும் சிசிலியிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களுக்கு ஊரில் கறி என்பது பண்டிகைக்குப் பண்டிகை. பாஸ்டனில் இறங்கிப் பார்த்தால் கறி மலிவு. கத்தரிக்காய் இருந்த இடத்தில் கோழி உட்கார்ந்தது. எலுமிச்சை அளவு இருந்த கறி உருண்டை ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்து ஸ்பகெட்டி மேல் ஏறியது. ஏழைகள் கையில் முதல்முறையாக நாலு காசு புரண்டபோது பிறந்த சமையல் இது. இதை இத்தாலிச் சாப்பாட்டின் போலி என்று நினைத்து உட்கார்ந்தால் ருசிக்காது. அமெரிக்க இத்தாலியர்களின் அசல் சாப்பாடு என்று நினைத்துச் சாப்பிடுங்கள்.

சரி, எங்கே?

பதினோரு மணி வாக்கில் ஹானோவர் தெருவில் கல்லேரியா உம்பெர்ட்டோ வாசலில் நில்லுங்கள். மதியம் மட்டும்தான் கடை. போட்ட சரக்கு தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள், இரண்டு மணிக்குப் போனால் நிச்சயமில்லை. ஞாயிறு லீவு. கேஷ் மட்டும். அலங்காரம் எதுவும் கிடையாது, பழைய பள்ளிக்கூடக் கேண்டீன் மாதிரி ஒரு ஹால். பெரிய சதுரத் தட்டில் சுட்ட சிசிலி பீட்சா, கனமான மாவு, மேலே தக்காளிச் சாறு, மொஸரெல்லா, வேறொன்றும் இல்லை. தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் சதுரம் சதுரமாக வெட்டிக் காகிதத் தட்டில் வைப்பார்கள். மேல் பக்கம் சீஸ் குமிழியிட்டுப் பழுப்பேறியிருக்கும், அடிப்பக்கம் எண்ணெயில் மொறுமொறுவென்று கடிபடும். ஓரத்துண்டு கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் சமையலுக்குப் பெரிய விருதுகள் கொடுக்கிற ஜேம்ஸ் பியர்டு அமைப்பு 2018ல் 'அமெரிக்காஸ் க்ளாசிக்ஸ்' விருது கொடுத்த கடை இது. விருது வந்த பிறகும் காகிதத் தட்டுதான்.

நீங்கள் அங்கே அரான்சினி கேளுங்கள். சோற்றை உருட்டி, உள்ளே கொத்துக்கறியும் பட்டாணியும் சீஸும் வைத்துப் பொரித்தது. உருளைக்கிழங்கில் செய்கிற பான்சரொட்டி நம் கட்லெட்டுக்குச் சித்தப்பா முறை. அதில் முட்டை உண்டா என்று கேட்டுவிட்டு மனைவிக்குக் கொடுங்கள்.

அவர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை ஹோட்டல்காரர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் "வெஜிடேரியன்" என்றால் முட்டை சேர்த்திதான். அதனால் "நோ எக்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். மெனுவில் "ஃப்ரெஷ் பாஸ்தா", "ஹோம்மேட் பாஸ்தா" என்று பெருமையாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் முட்டை போட்டுப் பிசைந்த மாவு. காய்ந்த பாஸ்தாவில், அதாவது பாக்கெட்டில் வரும் ஸ்பகெட்டி, பென்னே, ரிகடோனி போன்றவற்றில், வழக்கமாக வெறும் ரவையும் தண்ணீரும்தான். பார்க்க உயர்வாக இருப்பது அவருக்கு ஆகாது, சாதாரணமானதுதான் ஆகும். காய்கறி சூப் என்று நம்பி மினஸ்ட்ரோனே வாங்கவேண்டாம். கோழிச் சாறோ மாட்டுச் சாறோ ஊற்றியிருக்கலாம். தக்காளிச் சாறு "மரினாரா" என்றால் பெரும்பாலும் பயமில்லை. "சண்டே கிரேவி" என்றால் கறி வெந்த சாறு. முன்னே சொன்ன கத்தரிக்காய் அடுக்கு, கத்தரிக்காய் பார்மிஜானா, கேட்கத் தோன்றும். கத்தரிக்காயை முட்டையில் தோய்த்துப் பொரிக்கிற வழக்கம் அங்கே அதிகம், கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று உண்டு, சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பால் உறைவதற்குக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைத்தான் சேர்ப்பார்கள். அந்தப் பெயருக்கான விதியே அப்படி. உங்கள் மனைவிக்கு அது ஒரு பொருட்டில்லை என்றால் விட்டுவிடுங்கள். பொருட்டு என்றால், மேலே துருவிப் போட வரும் ஆளிடம் கையமர்த்திவிட வேண்டும். ஸ்பகெட்டி ஆலியோ இ ஓலியோ, பூண்டும் எண்ணெயும் மிளகாய்த் தூளும் மட்டும், அவருக்கு எங்கே போனாலும் கைகொடுக்கும். மெனுவில் இல்லாவிட்டாலும் கேட்டால் செய்து தருவார்கள், ஆனால் நெத்திலி போடவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு நடக்க வேண்டுமே. அமெரிக்க விடுதலைப் போராட்ட வீரர் பால் ரெவேரின் வீடு, 1680 வாக்கில் கட்டிய மரவீடு, பக்கத்தில்தான். 1723ல் கட்டிய ஓல்டு நார்த் சர்ச் பத்து நிமிஷம். சரித்திரத்தை மகன் சொல்லித் தருவான். நான் சேலம் தெருவுக்கு வருகிறேன் (நம்ம சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). இத்தாலியர் பெருகுவதற்கு முன் அந்தத் தெரு யூதர்களுடையது, பேட்டையில் அவர்களுக்கும் முன்னால் ஐரிஷ்காரர்கள். பார்மென்டர் தெரு முனையில் போல்காரிஸ் காபிக் கடை, 1932ல் தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் வறுத்த காபிக்கொட்டை வாசனை முகத்தில் அடிக்கும். சோம்பு, பட்டை, பருப்பு வகைகள் எல்லாம் நிறுத்துக் கொடுப்பார்கள். கோடையில் அங்கே லெமன் ஸ்லஷ் கிடைக்கும். எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, ஐஸ். முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை. ஆகஸ்ட் வெயிலில் உங்கள் மனைவிக்கு இந்தப் பேட்டையில் கிடைக்கப்போகிற மிகச் சிறந்த பண்டம் அதுதான் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

இனி கனோலி. இது இல்லாமல் மகன் உங்களை விடமாட்டான். மாவுக் குழலைப் பொரித்து உள்ளே இனிப்பு ரிக்கோட்டா, அதாவது மெதுவான பால்கட்டி, அடைத்தது. ஹானோவர் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு பெரிய கடைகள்: 1930லிருந்து மாடர்ன் பேஸ்ட்ரி, 1946லிருந்து மைக்ஸ் பேஸ்ட்ரி. ஊரே இரண்டு கட்சி. மைக்ஸில் வகை அதிகம், அளவு பெரிது, வெள்ளைப் பெட்டியில் போட்டு நூல் கட்டித் தருவார்கள். தெருவில் போகிறவர்கள் கையில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டிதான். நான் மாடர்ன் கட்சி. அங்கே நீங்கள் கேட்ட பிறகுதான் குழலில் ரிக்கோட்டாவை அடைப்பார்கள், அந்த ஒரே காரணம் எனக்குப் போதும். ஒருமுறை, கடையின் பெயர் வேண்டாம், விருந்தாளிகளுக்காக ஒரு டஜன் அடைத்த கனோலி வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் குழல் ஊறிப்போய், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வளைந்தது. விருந்தாளிகள் நல்லவர்கள், சாப்பிட்டார்கள். வாங்கியதும் தெருவிலேயே நின்று தின்றுவிடுங்கள். சட்டையெல்லாம் சர்க்கரைத் தூள் கொட்டத்தான் செய்யும்.

மனைவிக்குக் கனோலி வேண்டாம். குழல் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், ஓரத்தை ஒட்ட முட்டை வெள்ளைக்கரு தடவுவார்கள். டிரமிசூ என்கிற காபி இனிப்பிலும் முட்டை, டொரோனே மிட்டாயிலும் முட்டை. அவரை 1929லிருந்து நடக்கும் கஃபே விட்டோரியாவில் உட்காரவைத்து ஒரு கப்புச்சீனோ வாங்கிக் கொடுங்கள். சலவைக்கல் மேஜைகள், பழங்காலப் பித்தளைக் காபி மெஷின்கள், பொழுது போவதே தெரியாது.

பீட்சாவுக்காக இன்னொரு நாள் போகும் தெம்பு இருந்தால் தாச்சர் தெருவில் ரெஜினா, 1926லிருந்து. கதவு எண் பதினொன்றரை, அப்படியேதான் எழுதியிருக்கும். மதியம் மூன்று மணிக்குப் போனால் வரிசை குறைவு. மார்கரிட்டா உங்கள் இருவருக்குமே ஆகும். உங்களுக்கு மட்டும் என்றால் டெய்லி கேட்ச் என்கிற மீன் சாப்பாட்டுக் கடை, விரல் விட்டு எண்ணக்கூடிய இருக்கைகள். கணவாய் மையில் பிசைந்த கறுப்புப் பாஸ்தாவைச் சமைத்த சட்டியோடு மேஜையில் கொண்டுவந்து வைப்பார்கள். மகனுடன் தனியாகப் போங்கள். பல் கறுத்துச் சிரிப்பதை மனைவி பார்க்கவேண்டாம்.

கமர்ஷியல் தெருப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 1919 ஜனவரி 15 அன்று அங்கே சர்க்கரைப் பாகு நிரப்பியிருந்த ராட்சதத் தொட்டி உடைந்து, சுமார் 23 லட்சம் கேலன் பாகு தெருவில் அலையாகப் பாய்ந்தது. 21 பேர் செத்தார்கள். வெயில் காலத்தில் பல வருடம் இனிப்பு வாடை அடித்ததாகப் பழையவர்கள் சொல்வதுண்டு.

சனிக்கிழமையை வேண்டாமென்று சொன்ன நானே ஒரு நெரிசல் நாளைச் சிபாரிசு செய்கிறேன்: ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, அந்தோணியார் திருவிழா. மோன்டேஃபல்கியோனே என்ற ஊரிலிருந்து வந்தவர்கள் 1919ல் தொடங்கியது. சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பேண்டு வாத்தியத்தோடு தெருத்தெருவாக ஊர்வலம் வருவார்கள், பொழுது சாய்ந்த பிறகும் முடியாது. வீட்டு வாசல்களில் நிறுத்தி நிறுத்தி, சுரூபத்தில் தொங்கும் நாடாக்களில் டாலர் நோட்டுகளைக் குத்துவார்கள். மாடி ஜன்னல்களிலிருந்து காகிதத் துணுக்குகள் கொட்டும். புறநகருக்குப் போன குடும்பங்களெல்லாம் அன்றைக்குப் பாட்டி வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்திருக்கும். உங்கள் மருமகளை அவசியம் கூட்டிப்போங்கள். தெருவில் சாசேஜும் குடைமிளகாயும் வதங்குகிற புகையில் உங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும், மனைவி மூக்கைப் பொத்துவார். அவரைச் சேலம் தெருப் பக்கம், ஸ்லஷ் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் 7 சதவீதம் வரி சேரும், அதற்கு மேல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம். மகன் பையில் கார்டு மட்டும் இருக்கும். உம்பெர்ட்டோ வரிசையில் நின்ற பிறகு ஏடிஎம் தேடி ஓடாமல், முந்தின நாளே கேஷ் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.